பிப்ரவரி 29 எங்கிருந்து வருகிறது? லீப் வருடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் அன்றைய தாளில் நடுவில் பெரிதாக 29 என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் சோபகிருது வருடம், மாசி 17. பெரிய எண் நான்கு வருடம் கழித்து வந்த விருந்தாளி. பொடி எழுத்துக்கோ அது மாசி 16-க்கு மறுநாள். இந்த இரண்டு கணக்கும் ஒரே தாளில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று புரிந்துவிட்டால் லீப் வருடம் பற்றிய பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பெருக்கல், கழித்தல் வேண்டும்.

நான்கு வருடத்துக்கு ஒரு நாளை எதற்குக் கூட்டுகிறார்கள்?

பருவங்கள் ஒரு முழுச் சுற்று வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி ஆகிறது. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்துக்கும் சூரியனைச் சுற்றும் வேகத்துக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அதனால் கணக்கு முழு நாளில் முடிவதில்லை. ஆனால் காலண்டரில் கால் நாளுக்குத் தாள் அடிக்க முடியாது. அந்தக் கால் நாட்களைச் சேர்த்துவைத்து, ஒரு நாள் அளவுக்கு வந்ததும் செலவழிக்கிறோம்.

சேர்க்காமல் விட்டால்? நூறு வருடத்தில் 24 நாள் பிசகும். சுமார் 750 வருடத்தில் சித்திரை வெயில் அக்டோபர் கடைசியில் அடிக்கும். பழைய எகிப்தியர்கள் 365 நாளோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலண்டர் பருவங்களை விட்டு விலகி மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது.

4-ஆல் வகுபட்டால் லீப் வருடம். விதி இவ்வளவுதானே?

பெரும்பாலும் இது போதும். ஆனால் 00-இல் முடியும் வருடம் வந்தால் 400-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 1600, 2000 லீப் வருடங்கள். 1700, 1800, 1900, 2100 இல்லை.

ஏன் இந்தச் சுற்றுவழி என்று பலர் சலித்துக்கொள்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் சலிப்புப் போய்விடும். 5 மணி 48 நிமிடம் 45 வினாடியை நான்கால் பெருக்குங்கள்: 23 மணி 15 நிமிடம். நாம் கூட்டுவதோ முழு 24 மணி. ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் அதிகமாகக் கொடுத்துவிடுகிறோம். நூறு வருடத்தில் இப்படி 25 முறை. மொத்தம் 18 மணி 45 நிமிடம் மிகை. அதற்காக நூற்றாண்டு வருடத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டால் 24 மணி போய்விடுகிறது, இப்போது 5 மணி 15 நிமிடம் குறை. நான்கு நூற்றாண்டில் அந்தக் குறை 21 மணி. சரி, ஒரு நாளைத் திருப்பிக் கொடு என்று 400-ஆவது வருடத்தை லீப் வருடமாகவே விட்டுவிடுகிறோம். கடைசியில் 400 வருடத்துக்கு 3 மணி நேரம்தான் மிகை. அது ஒரு முழு நாளாக வளர 3,200 வருடம் ஆகும்.

மளிகைக் கடையில் சில்லறை இல்லாமல் ஒருமுறை கூடக் கொடுத்து, அடுத்த முறை கழித்துக்கொள்வதும் இதே கணக்குத்தான். 400 வருடத்தில் 100 லீப் வருடம் வர வேண்டிய இடத்தில் 97 வருகின்றன.

இந்த விதியை எழுதியது யார்?

இரண்டு தவணையில் எழுதப்பட்டது. முதல் தவணை ஜூலியஸ் சீசர். அவர் காலத்து ரோமில் காலண்டர் பூசாரிகள் கையில் இருந்தது. தேவைப்படும்போது ஒரு மாதத்தைச் செருகுவது அவர்கள் பொறுப்பு. அரசியல் காரணங்களுக்காகச் செருகியும் செருகாமலும் விட்டதில் கணக்கு தாறுமாறாகிவிட்டது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜினஸ் என்ற அறிஞரின் யோசனைப்படி சீசர் அதைச் சீராக்கினார். பழைய பாக்கியைத் தீர்க்க கி.மு. 46-ஆம் வருடத்துக்கு மட்டும் 445 நாள் கொடுத்தார்கள். மறு வருடத்திலிருந்து நான்குக்கு ஒருமுறை ஒரு நாள்.

சீசர் கொல்லப்பட்ட பிறகு பூசாரிகள் மறுபடி சொதப்பினார்கள். ரோமர்கள் எண்ணும்போது தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே எண்ணுவார்கள். அதனால் ‘நான்காவது வருடம்’ என்பதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொண்டார்கள். அகஸ்டஸ் சில லீப் வருடங்களை ரத்து செய்துதான் அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது தவணை போப் 13-ஆம் கிரிகோரி, 1582. சீசரின் கணக்கில் 128 வருடத்துக்கு ஒரு நாள் கூடிக்கொண்டே போனது. ஈஸ்டர் தேதிக்கு ஆதாரமான மார்ச் 21 சம இரவு நாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்), 1582-க்குள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. அலோசியஸ் லிலியஸ் என்ற மருத்துவர் வகுத்த திட்டத்தை கிறிஸ்டோபர் கிளேவியஸ் என்ற கணித அறிஞர் முன்னெடுக்க, 400-இன் விதி அப்போதுதான் வந்தது.

காலண்டரிலிருந்து பத்து நாளை வெட்டி எறிந்தார்களாமே?

ஆமாம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 1582 அக்டோபர் 4 வியாழன் இரவு படுத்தவர்கள் அக்டோபர் 15 வெள்ளி காலையில் எழுந்தார்கள். கிழமை மட்டும் தப்பவில்லை. போப் சொல்லி நாங்கள் கேட்பதா என்று பிராட்டஸ்டண்ட் நாடுகள் பல முரண்டு பிடித்தன. பிரிட்டன் 1752 வரை இழுத்தது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகி, அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. ‘அக்டோபர் புரட்சி’யின் ஆண்டுவிழா நவம்பர் 7-இல் வந்ததற்கு இதுதான் காரணம். சுவீடன் பாதி வழியில் மனம் மாறி, பழைய கணக்குக்கே திரும்ப 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளை வைத்தது. நம்பச் சிரமம்தான், ஆனால் நடந்தது.

நம் ஊரிலும் இது நடந்தது. 1752-க்கு முன்னால் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பழைய காலண்டர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் புதிய காலண்டர். நூறு மைல் இடைவெளியில் இரண்டு தேதி. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலக் குறிப்புகளில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக் குறிப்புகளில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். அந்தக் காலத்து ஆவணங்களைப் படிப்பவர்கள் எந்தக் கோட்டையில் எழுதியது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கூட்டும் நாளைப் பாவம் பிப்ரவரியில் ஏன் கூட்டுகிறோம்?

ரோமர்களுக்கு ஆதியில் வருடம் மார்ச்சில் தொடங்கியது. செப்டம்பர் என்றால் ஏழாவது, டிசம்பர் என்றால் பத்தாவது என்று லத்தீனில் பொருள். மார்ச்சிலிருந்து எண்ணினால் சரியாக வரும். அப்படிப் பார்த்தால் பிப்ரவரி கடைசி மாதம். ஒட்டுப் போடுகிற வேலையெல்லாம் வருடக் கடைசியில்தானே நடக்கும்.

அகஸ்டஸ் தன் பெயருள்ள மாதத்துக்கு 31 நாள் வேண்டும் என்று பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்ற கதை பள்ளிக்கூடத்திலேயே சொல்லப்படுகிறது. சுவையான கதை, உண்மை இல்லை. அவருக்கு முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான்.

‘லீப்’ என்றால் தாவுவது. எது தாவுகிறது?

கிழமை தாவுகிறது. 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் உங்கள் பிறந்தநாள் இந்த வருடம் திங்கள் என்றால் அடுத்த வருடம் செவ்வாய். நடுவில் ஒரு பிப்ரவரி 29 வந்துவிட்டால் செவ்வாயைத் தாண்டி புதனுக்குப் போய்விடும். தமிழில் நெட்டாண்டு என்று ஒரு நல்ல சொல் உண்டு. எழுத்தில் பார்க்கலாம், பேச்சில் எல்லோருக்கும் லீப் வருஷம்தான்.

லீப் வருடத்தில் 53 சனிக்கிழமை வர வாய்ப்பு எவ்வளவு?

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக் கணக்கு! விடை 2/7. 52 வாரம் போக இரண்டு நாள் மிஞ்சும். அந்த ஜோடி ஞாயிறு–திங்களில் தொடங்கி சனி–ஞாயிறு வரை ஏழு விதமாக அமையலாம். அதில் இரண்டில் சனி இருக்கும். 2028 ஜனவரி 1 சனிக்கிழமை. ஆகவே அந்த வருடம் 53 சனி, 53 ஞாயிறு. வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்ப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

நம் தமிழ் வருடத்தில் லீப் வருடம் உண்டா?

அப்படி ஒரு விதி இல்லை, அது தேவையும் இல்லை. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவதை வைத்துத் தொடங்குகிறது. மாதத்துக்கு இத்தனை நாள் என்று முன்கூட்டி முடிவு செய்து வைப்பதில்லை. சூரியன் நுழைவது சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதப்பிறப்பு. பின்னால் என்றால் மறுநாள். கேரளத்தில் இந்த எல்லை வேறு.

அதனால்தான் ஆனி சில வருடம் 32 நாள் ஓடும், மார்கழி 29 நாளிலேயே முடியும். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாக நகர்கிறது. மார்கழி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜூலையில் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது, ஆனி இழுக்கும். இப்படி மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் நான்குக்கு ஒருமுறை தமிழ் வருடமும் 366 நாளாகத்தான் வருகிறது. அந்தக் கூடுதல் நாள் இன்ன மாதத்தில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதற்கென்று தனிப் பெயரும் இல்லை. சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போய்விடும்.

பொங்கல் ஏன் சில வருடம் 14, சில வருடம் 15?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. லீப் வருடம் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பொங்கல் தேதிகளை வரிசையாக எழுதினால் போதும். ஜனவரியில்: 2016-இல் 15. 2017, 2018-இல் 14. 2019, 2020-இல் 15. 2021, 2022-இல் 14. 2023, 2024-இல் 15. 2025-இல் 14.

பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருடம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி பன்னிரண்டரை நிமிடம். ஆகவே சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்திக்கொண்டே போகும். முதல் வருடம் 14-ஆம் தேதி பகல், அடுத்த வருடம் அதே 14 சாயங்காலத்துக்குள், மூன்றாவது வருடம் அஸ்தமனம் தாண்டிவிடும். பொங்கல் 15-க்குப் போகும். நான்காவது வருடம் விடியற்காலை, அப்போதும் 15. அந்த நான்காவது வருடம் லீப் வருடம். பொங்கல் முடிந்து ஆறு வாரம் கழித்து பிப்ரவரி 29 வந்து கணக்கை 24 மணி பின்னால் இழுத்துவிடும். அடுத்த பொங்கல் மறுபடி 14.

ஆனால் நான்கு வருடத்தில் பிந்துவது 24 மணி 50 நிமிடம். இழுப்பது 24 மணி. 50 நிமிடம் பாக்கி. அந்தப் பாக்கி 2026-இல் வேலையைக் காட்டியது. வரிசைப்படி 14 வந்திருக்க வேண்டும். ஆனால் 2022-இல் அஸ்தமனத்துக்கு முன்னால் நடந்த நுழைவு, 2026-இல் வாக்கியக் கணக்குப்படி அஸ்தமனத்தைத் தாண்டிவிட்டது. பொங்கல் 15-ஆம் தேதி வந்தது. இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இந்த நேரம் கொஞ்சம் முன்னால் வரும். இரண்டு பஞ்சாங்கமும் வைத்திருக்கும் வீடுகளில் இதற்காக ஒரு சின்ன வாக்குவாதம் நடப்பதுண்டு.

இந்த நகர்வு புதியதும் அல்ல. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். காரணம், நம் வருடம் நட்சத்திரங்களைப் பார்த்து அளப்பது. ஆங்கில வருடம் பருவத்தைப் பார்த்து அளப்பது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் உண்மையில் முதலாவது இரண்டாவதைவிட 20 நிமிடம் நீளம். உத்தராயணம் தை முதல் நாள் பிறக்கிறது என்கிறோம்; சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-இல். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளாக இருந்தவைதான்.

அதிக மாதம் என்கிறார்களே, அதுவும் லீப் வருடம்தானா?

நோக்கம் ஒன்று, அளவு வேறு. தெலுங்கு, கன்னட, இந்தி வருடங்கள் நிலவை வைத்து மாதம் எண்ணுபவை. பன்னிரண்டு நிலவு மாதம் 354 நாள்தான். சூரியனோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 11 நாள் குறை. சுமார் இரண்டே முக்கால் வருடத்தில் ஒரு மாதமே சேர்ந்துவிடும். அப்போது ஒரு மாதத்தை இரட்டிக்கிறார்கள். இஸ்லாமிய வருடத்தில் இந்தச் சரிக்கட்டல் கிடையாது. அதனால் ரம்ஜான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். 2030-இல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என்று ஒரே ஆங்கில வருடத்தில் இரண்டு ரம்ஜான் மாதம் தொடங்கும்.

இந்திய அரசுக்குத் தனிக் காலண்டர் இருக்கிறதாமே?

மேக்நாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த சக ஆண்டு. சைத்ர மாதம் சாதாரண வருடத்தில் மார்ச் 22-இல் தொடங்கி 30 நாள். லீப் வருடத்தில் மார்ச் 21-இல் தொடங்கி 31 நாள். அரசிதழில் அச்சாகும், வானொலியில் சொல்வார்கள். வீட்டில் யாரும் அதைப் பார்த்து நாள் குறிப்பதில்லை.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் பிறந்தநாளை எப்போது கொண்டாடுவது?

28 அல்லது மார்ச் 1, அவரவர் விருப்பம். சட்டத்துக்கு வயது கணக்கிட நியூசிலாந்து பிப்ரவரி 28-ஐ எடுத்துக்கொள்கிறது, இங்கிலாந்து மார்ச் 1-ஐ. நம் வீட்டு முறையில் பிரச்சினையே இல்லை: மாசி மாதம், ஜென்ம நட்சத்திரம் என்று பார்த்தால் வருடம் தவறாமல் கேக் வெட்டலாம், அல்லது கோயிலில் அர்ச்சனை செய்யலாம்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு வருடத்தில் வந்திருக்க வேண்டிய முதல் பிறந்தநாள் 1900-இல் வரவில்லை; மேலே போட்ட கணக்கு நினைவிருக்கும். எட்டு வயதில்தான், 1904 பிப்ரவரி 29 அன்று, அந்தத் தேதியை முதல்முறையாகப் பார்த்தார். அதே நாளில் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது: பின்னாளில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1977-இல் பிரதமரான மொரார்ஜி, குடியரசுத் தலைவராக நிற்கும்படி ருக்மிணி தேவியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். இரண்டு பிப்ரவரி 29-களும் நாட்டின் உச்சப் பதவிகளில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியது, கொஞ்சத்தில் தவறியது.

99 வயது வரை வாழ்ந்த மொரார்ஜிக்கு அசல் தேதியில் வந்த பிறந்தநாட்கள் 23.

சம்பளம், ஓய்வு இதிலெல்லாம் ஏதாவது மாறுமா?

மாதச் சம்பளக்காரர்கள் ஒரு நாள் கூடுதலாக உழைக்கிறார்கள், பணம் அதேதான். நாள்கூலிக்காரர்களுக்கு ஒரு கூலி கூடுதல். மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். 60 நான்கால் வகுபடும் எண் என்பதால் 1964 பிப்ரவரி 29-இல் பிறந்தவர் 2024 பிப்ரவரி 29 அன்றே விடைபெற்றார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசியில் போக வேண்டும் என்றும் விதி உண்டு. ஆகவே 1964 மார்ச் 1-காரரும் அதே மாலையில் மாலை வாங்கியிருப்பார்.

கம்ப்யூட்டருக்கு இந்த விதி தெரியாதா?

எழுதுகிற மனிதருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே இல்லை! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை இது; அதன் கோப்புகள் எக்செலிலும் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். இப்போது திருத்தினால் உலகத்துக் கணக்குத் தாள்களில் தேதியெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால் அப்படியே கிடக்கிறது.

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்டின் ‘ஜூன்’ (Zune) என்ற, பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவிகள் உறைந்து நின்றன. வருடத்துக்கு 366-ஆவது நாள் ஒன்று உண்டு என்பதை அதன் கடிகார நிரல் கையாளத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் அஷூர் (Azure) என்ற இணையவழிக் கணினிச் சேவை முடங்கியது. ஒரு வருடம் செல்லும் சான்றிதழ் தயாரிக்க, தேதியில் வருடத்தை மட்டும் ஒன்று கூட்டியிருக்கிறார்கள். கிடைத்தது 2013 பிப்ரவரி 29.

லீப் செகண்ட் என்பதும் இதுதானா?

இல்லை. அது பூமி தன்னைத்தானே சுற்றுவதில் வரும் தள்ளாட்டத்துக்கான ஒட்டு. 1972-இலிருந்து 27 முறை ஒரு வினாடி கூட்டினார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31. கணினிகளுக்கு இது பெரும் தலைவலி என்பதால் 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிட 2022-இல் முடிவானது.

அடுத்து 2100-இல் என்ன நடக்கும்?

பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1. பின்னால் இழுக்க 29 இல்லாததால் 2101 முதல் பொங்கல் ஜனவரி 16 பக்கம் குடியேறிவிடும். பழைய ஜூலியன் கணக்கை விடாத ரஷ்யத் திருச்சபையின் கிறிஸ்துமஸ், இப்போது ஜனவரி 7, அப்போது 8 ஆகும். இன்று தொடக்கப் பள்ளியில் படிக்கும் சில குழந்தைகள் எண்பது வயதைத் தாண்டி இதைப் பார்ப்பார்கள். 2096 பிப்ரவரி 29-இல் பிறக்கப்போகும் குழந்தை, மொரார்ஜியைப் போலவே, எட்டு வருடம் காத்திருக்க வேண்டும்.